பயணம் ஒன்று, பெயர்கள் மூன்று!

“ஊர் கெட்டுவிட்டது, தம்பி! அடியோடு கெட்டுவிட்டது!” என்றார் பெரியவர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த தெருவொன்றில், அவருடைய வீட்டு மாடியில் அமர்ந்திருந்தோம். தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஆலைகளில் முறை மாறும் மாலை நேரம். கீழே, வேலை முடிந்தோர் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். வேலைக்குச் செல்வோர் விரைந்துகொண்டிருந்தனர். கையிலே சோற்றுத் தூக்கு, சட்டையிலே எண்ணெய்க் கறை, கண்ணிலே களைப்பு. தமிழ் கேட்டது, ஒடியா கேட்டது, இந்தியும் வங்கமொழியும் கேட்டன. அவர்களைக் கைநீட்டிக் காட்டித்தான், ஊர் கெட்டுவிட்டது என்று உரைத்தார் அவர்.

“தாங்கள் எத்தனை நாள் இங்கே தங்குவீர்கள், ஐயா?”

“பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். இந்தக் கூச்சலில் யார் இருப்பது? என் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு நிம்மதி.”

என் ஊர் என்று அவர் சொன்னது அம்பத்தூரை அன்று. ஆயிரம் கல்லுக்கு அப்பால், கடல் கடந்து, தாய்லாந்திலே உள்ள கடற்கரை நகரொன்றை!

நாம் அங்கே சென்றது ஊர்க்கதை பேசுவதற்காக அன்று. ஒரு கையெழுத்து வேண்டிச் சென்றோம். பெரியவர் வீட்டின் கீழ்த்தளத்திலே இரண்டு அறைகளில், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மூன்றாண்டுகளாகக் குடியிருக்கிறது. தந்தை வார்ப்படப் பட்டறையிலே வேலை செய்கிறார். மகன் நம்மிடம் ஏழாம் வகுப்பிலே படிக்கிறான். திங்கள்தோறும் வாடகை தவறாமல் செல்கிறது. ஆனால் வாடகைக்கு எழுத்து ஏதும் இல்லை. எழுத்து இல்லாததால் ஆதாரில் முகவரி மாறவில்லை. எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லை. இப்போது, “வடக்கத்தி ஆட்களுக்கு வீடு விடாதீர்கள்” என்று அக்கம்பக்கத்தார் ஓத, பொங்கல் கழிந்ததும் அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார் பெரியவர். காலி செய்தால் எங்கே போவார்கள்? வேறு ஆலை, வேறு ஊர். படிப்பாண்டின் நடுவிலே சிறுவன் பள்ளியை விட்டுப் போவான். அப்படிப் போன பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டிலே சிவப்பு மையால் அடித்திருக்கிறோம். இன்னொரு கோடு போட நமக்கு மனமில்லை.

அந்தச் சிறுவன் சென்ற திங்கள் ஒரு கட்டுரை எழுதினான். தலைப்பு, ‘என் ஊர்’. அவன் எழுதியது ஒடிசாவைப் பற்றி அன்று. அம்பத்தூர் ஏரி, ரயில் நிலையம், மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசும் பக்கத்து வீட்டுத் தாத்தா — இவற்றை எழுதினான்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அம்பத்தூரிலே நெடுங்காலம் வாழ்ந்த பெரியவருக்கு ‘என் ஊர்’ தாய்லாந்து. ஒடிசாவிலே பிறந்த சிறுவனுக்கு ‘என் ஊர்’ அம்பத்தூர். இருவர் சொல்வதும் பொய்யன்று. பின், ஒருவர் சொல்லும்போது மட்டும் நாம் வியந்து தலையாட்டுவதேன்? மற்றவன் சொல்லும்போது முகம் சுளிப்பதேன்? ஓர் ஊரை ‘என் ஊர்’ என்று சொல்ல மனிதனுக்கு உரிமை தருவது எது?

* * *

பெரியவரை நாம் பழிக்க வரவில்லை. அவர் கதை உழைப்பின் கதை. தொழிற்பேட்டையிலே கடைசல் பொறி முன் நின்று கை தேய்ந்தவர். பிறகு, தாய்லாந்தின் கீழைக் கடற்கரையிலே கார் உதிரி உறுப்புகள் செய்யும் ஆலையொன்றிலே மேற்பார்வையாளர் ஆனார். ஓய்வு பெற்றார். துணைவியார் மறைந்தார். மகன் வேறொரு கண்டத்திலே. ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய அன்றாட வாழ்வை அவரே விரித்துரைத்தார். விடியுமுன் கடலோரம் நடை. திரும்பும் வழியிலே சந்தை. கொத்துமல்லியும் தேங்காயும் நம் ஊரைப் போலவே கிடைக்கின்றனவாம். தானே சமைத்த சோறு. நண்பகலில் உறக்கம். மாலையிலே, வெள்ளையர் சிலரும் இந்தியர் சிலருமாக, ஓய்வு பெற்றோர் கூடிக் காப்பி அருந்தியபடி உலகத்தை அலசுவார்கள். இரவிலே மகனோடு பத்து நிமிடம் பேச்சு. மறுநாளும் அதே நடை, அதே சந்தை, அதே பேச்சு.

இந்த அமைதியான வாழ்வுக்கு அடியிலே ஓர் அச்சம் உறைந்து கிடக்கிறது. தாய்லாந்திலே ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்பும் அயல்நாட்டார் 50 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். அந்நாட்டு வங்கியிலே 8 இலட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். நம் கணக்கிலே இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல். அல்லது திங்கள்தோறும் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை, ‘இன்ன முகவரியிலே இருக்கிறேன்’ என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை செய்யலாகாது. நிலம் வாங்கலாகாது; அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் கட்டடப் பரப்பிலே 49 விழுக்காட்டுக்கு மேல் அயலார் கைக்குப் போகலாகாது. வாக்குரிமை இல்லை. அயலார் ஒருவர் வந்து தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

“ஒருமுறை என் வீட்டுக்காரி அறிவிக்க மறந்துவிட்டாள், தம்பி. நான் அலுவலகத்திலே போய் நின்றேன். வாடகை கொடுக்கிறேன், வங்கியிலே பணம் இருக்கிறது, ஒரு தாள் இல்லை! குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒரு தாள் இல்லாவிட்டால் மனிதன் மனிதனே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.”

தாம் சொன்ன சொல்லின் கனத்தை அவர் அப்போது உணரவில்லை. நாம் குறித்துக்கொண்டோம்.

இத்தனை இடர் இருக்க, அங்கேயே ஏன் கிடக்க வேண்டும்? மருத்துவம் நன்று, வாழ்க்கைச் செலவு குறைவு, கடல் அழகு என்று அடுக்கினார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தணிந்த குரலிலே சொன்னார்:

“அங்கே யாரும் என்னை ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்பதில்லை, தம்பி. இந்தப் பகுதியிலே நான் முதன்முதலாக வீடு தேடியபோது, வாடகை எவ்வளவு தருவாய் என்று கேட்குமுன் அதைத்தான் கேட்டார்கள். நான்கு வீட்டிலே கதவு சாத்தினார்கள்.”

வெட்கத்தால் தலை குனிந்தோம். கடல் கடந்து போனவனைக் குறை கூறுகிறோமே, அவனைத் துரத்திய குறை நம் தெருவிலே இருந்ததை மறக்கலாமா? இருபது இலட்சம் ரூபாயை அயல்நாட்டு வங்கியிலே முடக்கி, ஆண்டுதோறும் அனுமதி வேண்டி நின்று, மனிதன் ஒருவன் பெறும் நன்மைகளுள் ஒன்று, தன் சாதியை யாரும் கேளாமலிருப்பது என்றால், அந்த நன்மையை இலவசமாக வழங்கத் தவறிய ஊரை என்னென்பது? அவர் போனது பிழையன்று. போகும்படி வைத்தது பிழை.

* * *

ஆனால், தாய்லாந்திலும் அவருக்குப் பெயர் ஒன்று காத்திருந்தது.

அந்நாட்டார் வெள்ளையரைப் ‘பராங்’ என்று அழைக்கிறார்கள். செவிக்குப் பழகிய ஒலியாகத் தோன்றவில்லையா? நாம் சொல்லும் ‘பரங்கி’ தான் அது! ஐரோப்பியரை ‘பிராங்க்’ இனத்தார் என்று அராபியரும் பாரசீகரும் குறித்த சொல், கப்பலேறி இங்கே வந்து பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் பரங்கிக்காயும் ஆயிற்று. அங்கே போய்ப் பராங் ஆயிற்று. இந்தியரையோ, மலாய்க்காரரையோ, மேற்காசியரையோ அப்படி அழைப்பதில்லை. அவர்களுக்குச் சொல் வேறு: ‘கேக்’. அதன் நேர்ப்பொருள் விருந்தாளி! பாங்காக்கின் சீலோம் சாலையிலே தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் மக்கள் வழங்கும் பெயர் ‘வாட் கேக்’ — விருந்தாளிகளின் கோயில். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தாலும் விருந்தாளிதான். சொல்வோர் முகத்தைப் பொறுத்து அந்தச் சொல் வரவேற்பும் ஆகும், ஏளனமும் ஆகும்.

“விருந்தாளி என்று பொருளாம்! ஆனால், அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்களே, அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையா?” என்று பெரியவர் குமுறினார். குமுறல் நியாயமானது.

பராங்குகளைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. அவர்களுடைய துன்பத்தை அவர் அறிவார். பிரிட்டனின் அரசு ஓய்வூதியம், தாய்லாந்திலே குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. அங்கே குடியேறியபோது இருந்த தொகையிலேயே உறைந்து நிற்கிறது. விலை ஏறுகிறது; வருவாய் ஏறவில்லை; வீட்டை விற்றுவிட்டு வந்தவன் திரும்பவும் வழியில்லை. வெள்ளைத் தோல் இருந்தால் வேதனை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். முதுமை எல்லாத் தோலையும் ஒன்றுபோலச் சுருக்குகிறது. இதையெல்லாம் பரிவோடு சொன்ன பெரியவர், திடீரென்று சிரித்தார்.

“ஒரு வேடிக்கை கேளுங்கள், தம்பி! மாலையிலே காப்பி குடிக்க வருவானே ஒரு வெள்ளைக்காரன், அவன் நாள் தவறாமல் சொல்வான்: ‘எங்கள் நாட்டைக் குடியேறிகள் வந்து கெடுத்துவிட்டார்கள், அதனால்தான் நான் இங்கே வந்துவிட்டேன்’ என்று! இவனே ஒரு குடியேறி! பத்தாண்டாக அந்த ஊரிலே இருக்கிறான். பத்துச் சொல் தாய்மொழி பேசத் தெரியாது! அவன் சொல்கிறான், குடியேறிகளால் நாடு கெட்டது என்று!”

சிரித்தார், சிரித்தார், கண்ணிலே நீர் வரச் சிரித்தார். நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின் ஒன்றும் பேசாமல், சற்றுமுன் அவர் கைநீட்டிக் காட்டிய தெருவை நோக்கினோம். அவரும் நோக்கினார். இருவர் சிரிப்பும் நின்றது.

* * *

ஓய்வூதியத்தோடு அயல்நாட்டிலே அமர்ந்து, அந்நாட்டாரைப் பற்றிக் கருத்துரைக்கும் வழக்கம் புதியதன்று. நம் பகுதியே அதைக் கண்டிருக்கிறது. பூவிருந்தவல்லி என்னும் அழகிய பெயரைப் பூனமல்லி என்று திரித்த ஆங்கிலேயர், அங்கே தம் படையிலே நோயுற்றோர் உடல் தேறத் தங்குமிடம் வைத்திருந்தனர். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரிலே, கம்பெனிப் படையிலே பணி முடித்த ஓய்வூதியக்காரர் குடியிருந்தனர். அவர்கள் யாரிடமும் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்லவில்லை. வாளேந்தி வந்தவனிடம் அனுமதிச் சீட்டைக் கேட்பவர் யார்? அவர்களுக்கு ‘துரை’ என்று பெயர்.

பெரியவர் வாழும் அதே தாய்லாந்துக்கு, அவருக்கு முன் தமிழர் வேறு வகையிலும் போனார்கள். 1942–43இல், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டது ஜப்பானியப் படை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் ரயிலேற்றினர். காட்டிலே, மழையிலே, காலராவிலே, பட்டினியிலே மாண்டனர். அந்தப் பாதையிலே மடிந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுகின்றனர். அவர்களிலே தமிழர் மிகப் பலர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். காஞ்சனபுரியிலே அந்தப் போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றிலே பெயர் உண்டு, படைப் பிரிவு உண்டு. கூலித் தமிழனுக்கு? குழி உண்டு, பெயர் இல்லை. எண்பது ஆண்டுகள் உருண்ட பின், 2023இல்தான் அங்கே தமிழருக்கென நடுகல் ஒன்று எழுந்தது.

ஒரே நாடு! அயலிலிருந்து அங்கே சென்றவர்களே எல்லாரும்! ஒருவன் பரங்கி, ஒருவன் விருந்தாளி, ஒருவன் பெயரே இல்லாத கூலி. இன்றும் அந்நாட்டுக் கட்டட வேலையையும் மீன்பிடித் தொழிலையும் தாங்கி நிற்போர் பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோசிலிருந்தும் வந்த எளியோர். ஓய்வு பெற்ற வெள்ளையன் தாய்லாந்தின் வெயிலிலே காய்ந்தால் அதற்குப் பெயர் ‘வாழ்க்கையை நுகர்தல்’; பர்மியத் தொழிலாளி அதே வெயிலிலே செங்கல் சுமந்தால் அவனுக்குப் பெயர் ‘அந்நியக் கூலி’. பயணம் ஒன்றே, பையின் கனம்தான் வேறு. பையின் கனம் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கத்துக்கும், பிறந்த குலம் பார்த்துப் பெயர் வைத்த வழக்கத்துக்கும் தொலைவு எத்தனை, தோழர்களே?

* * *

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஆவடியும் அம்பத்தூரும் ‘நம்’ ஊர் ஆனது எப்போது?

1949இல் அம்பத்தூரிலே மிதிவண்டி ஆலை வந்தது. 1960களிலே தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. ஏரிக்கரையும் நெல்வயலுமாக இருந்த சிற்றூர்களுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? வட ஆற்காட்டிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தனர். நம் பாட்டனாரும் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்தாம். ‘வெளியூரான்’ என்று அன்று அவரை அழைத்தவர்கள் உண்டு. இன்று அவர் பேரப்பிள்ளைகள், மண்ணின் மைந்தர்! அறுபது ஆண்டுகளிலே வந்தவன் மைந்தனாகி, வருகிறவனை ‘வடக்கன்’ என்கிறான்.

எதிர்ப்புரை உண்டு, அதனைப் புறந்தள்ளுவது பகுத்தறிவாகாது.

“வடவர் குறைந்த கூலிக்கு வருகிறார்கள், நம் பிள்ளைகளின் வேலை போகிறது” என்பர். கூலி குறைவது உண்மையானால், அதைக் குறைப்பவன் யார்? வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியிலிருந்து குறைக்கலாகாது என்று 1979இலேயே சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தை ஆலை வாயிலிலே நிறுத்திவிட்டு, ஆளை மட்டும் உள்ளே விட்டது யார்? சினம் கொள்ள வேண்டிய திசையிலே சினம் கொள்ளாமல், நம்மினும் எளியவன் மேல் சினம் கொள்வது, அடித்தவனை விட்டுவிட்டு அருகே இருந்தவனை அடிப்பதாகும்.

“மொழி என்னாவது?” என்பர். மொழியைப் பற்றிய கவலை நமக்கும் உண்டு. மொழி கற்பித்துப் பிழைப்பவர்கள் நாம். ஆனால், ஆட்சியின் வலிமையால் ஒரு மொழியைத் திணிப்பதை எதிர்ப்பது வேறு; வேறு மொழி பேசும் ஏழையை வெறுப்பது வேறு. முன்னது உரிமைப் போர். பின்னது வெறும் வெறுப்பு. ஒடியா பேசும் குழந்தையை ‘இந்திக்காரன்’ என்று அழைக்கிறோமே, தமிழனை யாரேனும் ‘மதராசி’ என்று பொதுப்பெயரிலே அடைத்தபோது நமக்கு எரிந்ததே, நினைவில்லையா? அந்தக் குழந்தை தமிழிலே கட்டுரை எழுதுகிறான். அதிலே றகர ரகரப் பிழை நான்கு. வகுப்பிலே தமிழ்க்குடியிலே பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிழை அதனினும் மிகுதி. அவனை விரட்டினால் தமிழ் வாழுமா? அவனுக்குக் கற்பித்தால் வாழுமா?

“தாய்லாந்திலே பெரியவர் பணம் கொண்டுபோய்க் கொடுக்கிறார், இவர்கள் பணம் கொண்டுபோகிறார்கள்” என்பாரும் உளர். ஆழ்ந்து நோக்கினால் கணக்கு வேறு. இவர்கள் விட்டுச் செல்வது பணத்தைவிடப் பெரியது: நாம் ஏறி வரும் மெட்ரோ இரயிலின் தூண், நாம் குடியிருக்கும் மாடியின் தளம். மேலும் ஒன்று சொல்வோம்: கடற்கரை நகரிலே பெரியவர் செலுத்தும் வாடகையிலே ஒரு பங்கு எங்கிருந்து போகிறது? அவர் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து! வார்ப்படப் பட்டறையிலே வெந்து, திங்கள்தோறும் ஒடிசாக்காரர் தரும் வாடகைதான் கடல் கடந்து போய்ப் பெரியவரின் காலை நடைக்கும் மாலைக் காப்பிக்கும் உதவுகிறது. ஊரைக் கெடுத்தவர்களால் உண்கிறவர், ஊர் கெட்டது என்கிறார்!

அங்கே அவர் நிற்பது, ஆண்டுக்கொருமுறை அந்நாட்டரசு அருளும் அனுமதியால். இங்கே இவர்கள் நிற்பதோ, நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தந்த உரிமையால். தாளிலே யாருடைய நிலை உயர்ந்தது? ஒடிசாக்காரருடைய நிலை! தெருவிலே யாருக்கு மதிப்பு? பெரியவருக்கு! 2020இலே நோய் பரவி உலகம் கதவடைத்தபோது, தன் மண்ணிலே சிக்கிய அயலாரின் தங்கல் காலத்தைத் தாய்லாந்து அரசு தானே நீட்டித்தது. பெரியவர் அச்சமின்றி வீட்டிலே இருந்தார். அதே திங்களிலே இந்நாட்டுக் குடிமக்கள், தம் சொந்த நாட்டிலேயே, வேலையும் இன்றி வாடகைக்கும் வழியின்றி, மூட்டையைத் தலையிலே வைத்து நெடுஞ்சாலையிலே வடக்கு நோக்கி நடந்தனர். சட்டம் தந்த உரிமையைக் காட்டிலும் பையிலே கிடந்த பணம் வலிமை வாய்ந்ததாயிற்று.

ஆகவே, தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு வருவோம். ‘என் ஊர்’ என்று சொல்ல உரிமை தருவது எது?

பிறப்பா? பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று ஓயாது பேசும் நாம், ஊர் விஷயத்திலே மட்டும் பிறப்பைப் பிடித்துத் தொங்கலாமா? ஓர் இடத்திலே பிறப்பது எவனுடைய சாதனையும் அன்று. பணமா? பணத்துக்கு ஊர் கிடையாது. விலை ஏறினால் அது வேறு கடற்கரையைத் தேடிப் போகும். ஊரின் வெயிலையும் வெள்ளத்தையும் பகிர்ந்துகொள்வது, அதன் வேலையைச் செய்வது, அதன் மொழியைக் கற்பது, அதன் குறைக்குத் தானும் ஒரு பொறுப்பாளி என்று எண்ணுவது — இவைதாம் ஒருவனை ஊர்க்காரன் ஆக்குகின்றன. ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவர்க்கும் தடையில்லை. ஆனால் பொறுப்பை ஏற்றவன் சொன்னால் அது கருத்து. ஏற்காதவன் சொன்னால் அது வெறும் முணுமுணுப்பு.

வேலை செய்ய வலுவில்லாத முதியவர்க்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அவர்க்கும் ஓர் எளிய உரைகல் உண்டு: அயல்மண்ணிலே தனக்கு எதை வேண்டுகிறாரோ, அதைத் தன் மண்ணிலே அயலானுக்குத் தருகிறாரா? அங்கே மரியாதை வேண்டுகிறார், இங்கே தருகிறாரா? அங்கே ஒரு தாளுக்குத் தவித்தார். இங்கே அந்தத் தாளைத் தருகிறாரா?

இதைத்தான் பெரியவரிடம் கேட்டோம். குரலை உயர்த்தவில்லை. “ஐயா, உங்கள் வீட்டுக்காரி அறிவிக்க மறந்த அந்த நாளை நினைத்துப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரர் மூன்றாண்டாக அந்த நாளிலேயே இருக்கிறார்” என்றோம். வாடகை ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமே 2019 முதல் வற்புறுத்துவதையும் சொன்னோம்.

அவர் விடை கூறவில்லை. கீழேயிருந்து சிறுவன் படிக்கும் குரல் வந்தது. உரக்கப் படித்தால்தான் மனத்திலே பதியும் என்று நாம் சொல்லியிருந்தோம். பெரியவர் நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான்கு வீட்டிலே கதவு சாத்தினார்கள் என்று சொன்னேனே, தம்பி. ஐந்தாவது வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அவர் பெயர்கூட மறந்துவிட்டது” என்றார். வேறு ஏதும் சொல்லவில்லை. நாமும் வணக்கம் கூறி எழுந்தோம்.

போகியன்று காலை, சிறுவனின் தந்தை பள்ளிக்கருகே நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒப்பந்தத் தாள், பெரியவரின் கையெழுத்தோடு. பதினொரு திங்களுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது. “எனக்கும் ஓராண்டுக்குத்தான் தருகிறார்கள், அடுத்த பொங்கலுக்கு வந்து புதுப்பிக்கிறேன் என்று சொல்லச் சொன்னார், சார்” என்றார், தடுமாறும் தமிழிலே.

முழு மாற்றம் என்று நாம் கூத்தாடவில்லை. பதினொரு திங்கள் என்பது ஒரு படிப்பாண்டு முடிந்து மற்றொன்று பாதி கடக்கும் காலம். ஒரு குழந்தையின் பெயர்மேல் சிவப்புக் கோடு விழாமலிருக்க அது போதும். அதற்கு மேல் ஆக வேண்டியதைப் பெரியவர் ஒருவர் கையெழுத்தால் செய்ய இயலாது. ஊர் செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டும். உங்கள் தெருவிலே எழுத்தின்றிக் குடியிருப்போர் எத்தனை குடும்பம்? பள்ளிக்குப் போகாத அயல்மொழிப் பிள்ளைகள் எத்தனை பேர்? உங்கள் பேச்சிலே ‘வடக்கன்’ எத்தனை முறை வருகிறது? கணக்கெடுங்கள். உலகமெல்லாம் நம் ஊர் என்று மேடையிலே முழங்குவது எளிது. நம் ஊரிலே உலகம் வந்து நிற்கிறது, கையிலே சோற்றுத் தூக்கோடு. அதற்கு வழிவிடுவோமா, முகம் திருப்புவோமா?

பொங்கல் விடுமுறையிலே அந்தக் கட்டுரை ஏட்டைத் திருத்த எடுத்தோம். றகர ரகரப் பிழை நான்கையும் திருத்தினோம். ‘என் ஊர்’ என்ற தலைப்பிலே திருத்த ஒன்றும் இல்லை.